தேசியம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகும் வழியில் மின்னூர் இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உண்டு. அதே வட்டாரத்தில் சின்னப்பள்ளிக்குப்பத்தில் இன்னொரு முகாம். வேலூரை ஒட்டி மேல்மொணவூரில் மற்றொன்று. இந்த முகாம்களில் பிளஸ் டூ முடிக்கும் பெண்ணுக்கு மே மாதத்தில் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று, காலையில் வந்து நிற்கும் ஷூ கம்பெனி பஸ். பதினெட்டு வயது நிரம்பி ஆதார் அட்டையும் கையில் இருந்தால் ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவிலோ ஒட்டும் மேசையிலோ வேலை கிடைத்துவிடும். மாதம் பிறந்தால் சம்பளம். மற்றது கல்லூரி. அதற்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் என்று நிரப்பிக்கொண்டே வருகிறவள் ‘தேசியம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிடுகிறாள்.

அவள் பிறந்தது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில். படித்தது தமிழ்நாட்டுப் பாடநூல். ஆதார் இருக்கிறது, மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது, மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, முகாமின் அடையாள அட்டையும் இருக்கிறது. ஆதார் இந்நாட்டில் வசிப்பதற்கான சான்று, குடியுரிமைக்கான சான்று அல்ல என்று ஆதார் சட்டமே சொல்லிவிட்டது. ‘இந்தியர்’ என்று எழுதினால் பொய் உறுதிமொழி ஆகும். நாளைக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு சொல்லே அவளுக்கு எதிராக எடுத்துக் காட்டப்படலாம். ‘வெளிநாட்டவர்’ என்று எழுதினால் பாஸ்போர்ட் எங்கே, விசா எங்கே என்று கேட்பார்கள். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணப் பட்டியலை நீட்டுவார்கள். இணையவழி விண்ணப்பமாக இருந்தால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கமே திறக்காது. இந்தக் கட்டத்தைத் தாண்ட முடியாமல் கம்பெனி பஸ்ஸில் ஏறிய பெண்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கல்லூரியைப் பொறுத்தவரை அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை.

1983-க்குப் பிறகு 3,04,269 பேர் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்ததாக 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அரசு கணக்குச் சொன்னது. அப்போது 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். காவல்நிலையத்தில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் 34,087 பேர். நாற்பதாண்டு என்பது இரண்டு தலைமுறைக் காலம். இன்று கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைகளில் ஆகப் பெரும்பான்மையினர் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. படகில் வந்தவர்களிடம் பாஸ்போர்ட் இல்லாததால் குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள்’. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தோடு வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பயண ஆவணம் இல்லாததற்கான நடவடிக்கையிலிருந்து விடுவித்தது. தண்டனை பயம் தணிந்தது, குடியுரிமை வரவில்லை. இருக்கலாம், ஆனால் இந்த நாட்டவர் அல்ல என்ற நிலை அப்படியே தொடர்கிறது.

பிறப்பால் குடியுரிமை என்ற விதி எப்படிச் சுருங்கிக்கொண்டே வந்தது என்பதை ஒரே குடும்பத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பிறப்பாலேயே இந்தியர் என்று ஏற்று, அவருக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவரைப் போன்ற ஒரு தாய்க்கும் படகில் வந்த தந்தைக்கும் 2007-இல் பிறந்த மகள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாய் குடிமகள், மகள் இல்லை. இருவரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். இந்த ஆண்டு கல்லூரிப் படிவத்தின் முன் உட்காருவது அந்த மகள்தான்.

அந்த மகளைக் கல்லூரி எப்படி நடத்த வேண்டும்? அமெரிக்காவில் ஆவணமற்ற மாணவர்களைக் கல்லூரிகள் எப்படிக் காப்பாற்றுவது என்று நீண்டகாலமாகப் பேசி வருகிறார்கள். ஆவணமற்ற பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1982-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரிக் கட்டணத்தில் உள்மாநில மாணவருக்குரிய சலுகையை 2001-இல் டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் அவர்களுக்கும் தந்தன. டெக்சாஸில் அந்தச் சலுகை 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவால் ரத்தானது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, கோயில்களுக்குள் குடியேற்றத் துறையினர் கைது நடவடிக்கையில் இறங்காமல் தவிர்க்க வேண்டும் என்றிருந்த வழிகாட்டுதலையும் அதே ஆண்டு ஜனவரியில் விலக்கிக்கொண்டார்கள். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம், தேவையில்லாமல் கேட்காதே என்பது. கேட்காத தகவல் கோப்பில் ஏறாது. கோப்பில் இல்லாததை எந்த அதிகாரி வந்து கேட்டாலும் கொடுக்க முடியாது.

அந்தப் பாடத்தை அப்படியே வேலூருக்கு எடுத்துவர முடியாது. இங்குள்ள மாணவி ஒளிந்து வாழ்கிறவள் இல்லை. வருவாய்த் துறையிடம் அவள் பெயர் இருக்கிறது, முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீஸாரிடம் இருக்கிறது, உதவித்தொகைப் பட்டியலில் இருக்கிறது. முகாமில் ஆள்கணக்கு எடுக்கும் நாளில் நேரில் நிற்க வேண்டியவள் அவள். அரசுக்குத் தெரிந்ததைக் கல்லூரி தெரிந்துகொள்ளாமல் இருப்பதால் அவளுக்கு ஒரு பாதுகாப்பும் கூடப்போவதில்லை; கிடைக்க வேண்டிய உதவிதான் நழுவும். இங்கே கல்லூரி நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்ததைத் தேவையானவர்களைத் தாண்டி வெளியே விடக்கூடாது. நான் பார்த்தவரை நம் கல்லூரிகளில் இது தலைகீழாக நடக்கிறது. சேர்க்கை அலுவலகத்துக்குச் சட்டநிலை புரிவதில்லை. ஆனால் வகுப்பு முழுவதற்கும் அவள் முகாம் பிள்ளை என்று தெரிந்துவிடுகிறது. உதவித்தொகைப் பட்டியலை ‘அகதி மாணவர்கள்’ என்று தலைப்பிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அந்த வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசே தன் ஏடுகளில் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அந்த மாற்றம் கல்லூரிப் பலகைக்கும் வந்து சேர வேண்டும்.

முகாம்களின் மேல் சந்தேகம் படிந்ததற்குக் காரணங்கள் உண்டு, வேலூரில் அது கூடுதலாகவே படிந்தது. வேலூர்க் கோட்டையின் திப்பு மகாலில் விடுதலைப் புலிகள் என்று கைதானவர்களுக்கான சிறப்பு முகாம் இயங்கியது. 1995 ஆகஸ்டில் அங்கிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அதற்கு முன்பே, 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிறகு, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அகதி மாணவர்களுக்குத் தரப்பட்டிருந்த சலுகைகள் நின்றுபோயிருந்தன. 1996-இல் ஆட்சி மாறிய பிறகுதான் மெல்லத் திரும்பி வந்தன. அந்த இடைவெளியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இன்று ஐம்பது வயதாகிறது. அவர்களில் கட்டட வேலைக்கும் பெயின்ட் அடிக்கவும் போனவர்கள் ஏராளம். ஒரு கொலைக்கும் ஒரு சுரங்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளைகள் அதற்கான விலையைத் தங்கள் படிப்பால் கொடுத்தார்கள். கல்லூரி நிர்வாகங்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஏனென்றால் அரசியல் காற்று எப்போது வேண்டுமானாலும் திரும்பும். அப்போது நிற்கப்போவது எழுதிவைத்த விதிகள்தான், தனிமனிதர்களின் நல்ல மனம் போதாது.

அந்தக் காலத்திலும் படிப்பை விடாமல் பிடித்தவர்கள் முகாம் மக்களே. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் மாலை வகுப்புகளையும் உயர்கல்விக்கான ஆலோசனையையும் முகாம்தோறும் கொண்டுபோனது. அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் முகாமில் வாழ்ந்தவர்களே. கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை அடுத்த பிள்ளைக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது. இன்றைக்கும் பல முகாம்களில் முன்னால் படித்த பிள்ளைதான் வழிகாட்டு மையம்.

2021-இல் அரசு அறிவித்தவை சிறியவை அல்ல. பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 மாணவர்கள், வேளாண் படிப்புகளில் முதல் 5 பேர், முதுநிலை படிக்கும் அனைவர் என்று இவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்றது. கலை, அறிவியல் இளநிலை மாணவரின் ஆண்டு உதவித்தொகை 3,000 ரூபாயிலிருந்து 12,000 ஆனது. அந்த ஆண்டு நவம்பரில் முகாம் வீடுகளைப் புதிதாகக் கட்டும் திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் மேல்மொணவூரில்தான் தொடங்கிவைத்தார். 2023 செப்டம்பரில் 13 மாவட்டங்களில் கட்டி முடித்த 1,591 வீடுகள் அங்கிருந்தே திறக்கப்பட்டன. ஓலையும் தகரமும் போய் ஓட்டை இல்லாத கூரைக்குக் கீழே உட்கார்ந்து படிக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மழைநாளில் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மூலை மாறியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் உதவித்தொகை கல்லூரிக் கணக்குப் பிரிவின் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. கட்டணம் ஜூனில் கட்ட வேண்டும். அரசுப் பணம் எப்போது வந்தாலும் அதற்குப் பிறகுதான். மற்ற ஏழை மாணவருக்கு இந்த இடைவெளியை அடைக்க வேறு வழிகள் உண்டு; முகாம் மாணவிக்கு அவை இல்லை. வங்கிகளின் கல்விக்கடன் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். ஒன்றிய அரசின் உதவித்தொகைகளும் அப்படியே. சாதிச் சான்றிதழ் முகாமில் பொதுவாகக் கிடைப்பதில்லை; ஆகவே அதைச் சார்ந்த எந்தச் சலுகையும் இல்லை. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பல கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவு ஒன்றும் சுயநிதிப் பிரிவு ஒன்றும் இருக்கும். கட்டணம் முன்னதில் குறைவு, பின்னதில் பல மடங்கு. முகாம் சான்று, அதிகாரி கையெழுத்து என்று அலைந்து பத்து நாள் தாமதமாக வருகிற மாணவிக்கு உதவி பெறும் பிரிவு நிரம்பியிருக்கும். பாடம் ஒன்று, ஆசிரியரும் பெரும்பாலும் ஒரே தரம். காகிதம் தாமதமானதற்காக அவள் கூடுதல் பணம் கட்டுகிறாள். சான்று பின்னால் தரலாம் என்ற நிபந்தனையோடு இடத்தைப் பிடித்துவைப்பதும், உதவித்தொகை வரும்வரை கட்டணத்தை நிலுவையில் வைப்பதும் கல்லூரி முதல்வரும் செயலரும் கையெழுத்திட்டால் முடிகிற காரியம். நிலுவையைக் காரணம் காட்டித் தேர்வு அனுமதிச் சீட்டை நிறுத்தமாட்டோம் என்று ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும்.

வசதியில்லாத பிள்ளைக்கு இடம் கொடுப்பது இந்தப் பகுதிக்குப் புதிய பண்பும் இல்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் தொடங்கியது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இலும் ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969-இலும் வந்தன. தோல் வணிகத்தில் சேர்ந்த பணம், வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்காக இங்கே வகுப்பறைகளாக மாறியிருக்கிறது. வேலூரில் 1898-இலிருந்து ஊரீசு கல்லூரி, காட்பாடியில் பெண்களுக்காக ஆக்சிலியம், திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி என்று கிறித்தவ நிறுவனங்கள். முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி. இவற்றையெல்லாம் இணைக்கும் சேர்க்காடு திருவள்ளுவர் பல்கலைக்கழகம். மூன்று முகாம்களிலிருந்தும் பஸ் ஏறிப் போய்ப் படித்துத் திரும்பக்கூடிய தூரத்தில் இவ்வளவு கல்லூரிகள் வாய்த்த இடம் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது. ஷூ கம்பெனிகளும் இங்கேதான் இருக்கின்றன. அவற்றின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பங்கை இந்த இடைக்காலக் கட்டணத்துக்கு ஒதுக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை. அவர்களின் மேசையில் உட்கார்ந்து தைக்கிற தாயின் பிள்ளைகள் இவர்கள்.

முகாம் வாழ்க்கையும் கல்லூரி நாட்களும் மோதிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தோன்றும். ஆள்கணக்கு நாளும் செமஸ்டர் தேர்வும் ஒரே தேதியில் வந்தால் மாணவி எங்கே இருப்பாள்? கணக்கில் விடுபட்டால் குடும்பத்தின் மாத உதவி பாதிக்கப்படும். துறையினர் எல்லோரும் பெங்களூருக்கோ மைசூருக்கோ ஐ.வி. (தொழிலகப் பார்வை) என்று கிளம்பும்போது அவள் மட்டும் காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிடுவாள். மாநிலம் தாண்ட அனுமதி வாங்க வேண்டும் என்பதைத் தோழிகளிடம் சொல்ல மனம் வராது. வேறு மாவட்டத்து விடுதியில் தங்கவும் அனுமதி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் தேவை, அது உரிய நாளுக்கு முன்னால் கிடைக்க வேண்டும். செமஸ்டர் தொடங்கும்போதே தேர்வு அட்டவணையையும் பயணத் தேதிகளையும் முகாமைக் கவனிக்கும் வருவாய் அலுவலருக்குக் கல்லூரியே அனுப்பிவிட்டால், அந்தப் பிள்ளை மேசை மேசையாகப் போய் நிற்க வேண்டியதில்லை. இதற்கென்று ஒரு பேராசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும். அவர் பெயர் சேர்க்கைக் கையேட்டில் இருக்க வேண்டும். அவருக்கு வேலைப்பளு குறைக்கப்பட வேண்டும். கூடுதல் பொறுப்பாகத் தலையில் கட்டினால் இரண்டாவது ஆண்டில் அந்தப் பதவி பெயரளவுக்கு ஆகிவிடும்.

2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஒரு கடமையைக் கல்லூரிகளின் மேல் வைத்திருக்கிறது. வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்வி நிறுவனம் அவரைப் பற்றிய விவரத்தைப் பதிவு அதிகாரிக்குத் தர வேண்டும். இதைக் காட்டி, முகாம் மாணவர்களைச் சேர்ப்பதே வம்பு என்று சில அலுவலகங்கள் நினைக்கத் தொடங்கினால் அது பெரும் அநியாயமாக முடியும். பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அதே ஆண்டில் விலக்கு ஆணை வந்திருப்பது எத்தனை அலுவலகங்களுக்குத் தெரியும்? சட்டம் எதைக் கேட்கிறதோ அதை, அதற்குரிய அதிகாரிக்கு, எழுத்துமூலம் தருவது ஒன்று. யாரோ ஒருவர் சாதாரண உடையில் துறைக்கு வந்து இந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றதும் வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்புவது வேறு. விசாரணை எதுவானாலும் முதல்வர் அறை வழியாகத்தான், எழுத்துக் கோரிக்கையோடுதான், பொறுப்புப் பேராசிரியர் உடனிருக்கத்தான் என்று ஒரு பக்க விதி போதும். காவலாளி முதல் துறைத்தலைவர் வரை எல்லோரிடமும் அதன் நகல் இருக்க வேண்டும். அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகள் தரும் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமானது இல்லை, இந்த மண்ணில் இருக்கும் எல்லா மனிதருக்கும் உரியது. சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருக்கிறது.

இதே சேர்க்கை மேசையில் வேறு சிலரும் தடைபட்டு நிற்கிறார்கள். சமவெளியின் இருளர் பிள்ளைகளும் ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் இந்தியக் குடிமக்களே. பழங்குடிச் சான்று கைக்கு வராததால் அவர்களும் சேர்க்கை நாளைத் தவறவிடுகிறார்கள். முகாம் மாணவிக்காகக் கல்லூரி எழுதும் தற்காலிகச் சேர்க்கை விதி அவர்களுக்கும் கை கொடுக்கும்.

சட்ட உதவிக்கும் இங்கே ஒரு வழி உண்டு. காட்பாடியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சட்டக் கல்லூரிகள் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்பது வழக்கறிஞர் குழுமத்தின் விதி. அந்த மையம் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று முகாம்களிலும் உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பத்திலும் யார் எந்தத் தேதியில் எங்கே பிறந்தார், பெற்றோரில் யாராவது இந்தியரா, தாத்தா பாட்டி இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தவர்களா என்று கேட்டுக் குறித்துக் கொடுத்தால், சட்டப்படி ஏற்கெனவே இந்தியராக இருந்தும் அது தெரியாமல் வாழ்கிறவர்கள் நிச்சயம் கிடைப்பார்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தந்த தீர்ப்பும் இருக்கிறது. மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பயிற்சி கிடைப்பது அரிது.

அந்தச் சட்டக் கல்லூரியிலேயே முகாம் மாணவி ஒருத்தி சேர்ந்து படித்துப் பட்டம் வாங்கினாலும் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் குடியுரிமை கேட்கிறது. அரசுப் பணித் தேர்வுகளும் பெரும்பாலும் மூடியவையே. பாஸ்போர்ட் இல்லாததால் வெளிநாட்டு மேற்படிப்பும் இல்லை. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனம் நுழைவுப் படிவத்தில் அதே ‘தேசியம்’ கட்டத்தை நீட்டும். தேர்வானபின் பின்னணிச் சரிபார்ப்பில் பெயரை எடுத்துவிடும். இந்த மாணவர்களைச் சட்டப்படி வேலைக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்குக் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு முன்கூட்டியே வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் வாங்கி, வரும் நிறுவனங்களிடம் கொடுத்துவைக்கலாம். எந்தப் படிப்பு எந்த வேலையில் போய் முட்டும் என்பதைச் சேர்க்கையின்போதே மாணவியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால் அது அவளை உடைத்துவிடும். மீதிக் கதவுகளைத் திறக்கக் கல்லூரிக்கு அதிகாரம் இல்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை.

விண்ணப்பப் படிவம் கல்லூரியின் வேலை. ‘இந்தியர்’, ‘வெளிநாட்டவர்’ என்ற இரண்டோடு ‘இலங்கைத் தமிழர், மறுவாழ்வு முகாம்’, ‘இலங்கைத் தமிழர், முகாமுக்கு வெளியே பதிவு பெற்றவர்’ என்று இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட் எண் கேட்கும் கட்டம் அவர்களுக்குத் திறக்காதபடி செய்ய வேண்டும். கட்டணம் உள்ளூர் மாணவருக்கு உள்ளதே என்று கீழே குறிப்பிட வேண்டும். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அதன் இணைப்புக் கல்லூரிகள் அனைத்திலும் இது ஒரே நேரத்தில் நடக்கும். பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிந்து மே மாதம் முடிவு வருகிறது. சுற்றறிக்கை ஏப்ரலுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.